மார்கழிக் கன்று

குளிர்காலத்தில் கன்றுகளைக் காப்பாற்றுவதைப் பற்றி எழுதப் புகுந்தால், திருநெல்வேலிச் சீமையில் குளிர்காலம் என்று ஒன்று உண்டா என்று நேயர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. கனடாவைப் போன்ற தேசங்களில் பிறந்த கன்றுக்குக் குடியானவர்கள் கனத்த சட்டை மாட்டிவிடுகிறார்கள். அங்கே தரையெல்லாம் உறைந்து கிடக்கிறது. நம் தாமிரபரணிக் கரையிலோ மார்கழி மாதத்து விடியற்காலையில்கூட உஷ்ணமானி 70 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. பஜனை கோஷ்டியில் போகும் பெரியவர்கள் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் அதுவே நமக்குக் குளிர்காலம். இருந்தும், ஐப்பசி தொடங்கித் தை பிறக்கும் வரையில் இங்கே பிறக்கும் கன்றுகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

இதற்குக் காரணம் ஈரம். தாயின் வயிற்றில் இருக்கும் வரையில் கன்றுக்கு 101, 102 டிகிரி வெதுவெதுப்பில் வாசம். பிறந்த கணத்தில் அது உடம்பு முழுவதும் நனைந்து வெளியே வருகிறது. உலர்ந்த மேனியோடு, காற்றுப் படாத இடத்தில் கிடக்கும் கன்று 60 டிகிரிக் குளிரையும் தாங்கிக்கொள்ளும். அதே கன்றின் ரோமம் நனைந்திருந்து, வாடைக்காற்றும் வீசி, அடியிலே சேறும் இருந்தால் 70 டிகிரியிலேயே அதன் உடம்பிலுள்ள சூடெல்லாம் வெளியே போய்விடுகிறது. நனைந்த வேஷ்டியோடு படித்துறையில் அரைமணி நேரம் காற்றில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த கன்றின் தேகத்தில் சூட்டை உண்டாக்குவதற்கென்று கொஞ்சம் கொழுப்பைச் சேர்த்துவைத்து அனுப்புகிறது இயற்கை. அந்தக் கட்டுச்சோறு சில மணி நேரத்துக்குத்தான் காணும். அதற்குள் கன்று உலர வேண்டும். எழுந்து நிற்க வேண்டும். பால் குடிக்க வேண்டும். இந்த மூன்றும் நடந்துவிட்டால் கன்று பிழைத்துக்கொள்ளும் என்று நம்பலாம்.

புல் இல்லாத மாதங்கள்

மழைக்காலத்தில் ஊரே பச்சைப் பசேலென்று இருக்கிறதே, மாடுகளுக்கு என்ன குறை என்று பட்டணத்திலிருந்து ரயிலில் வருகிறவர்கள் நினைப்பார்கள். அந்தப் பச்சையெல்லாம் நெற்பயிர் என்பதுதான் விஷயம். பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, சுமார் 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலப்பதற்குள், கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையில் எட்டு அணைக்கட்டுகளில் நின்று நின்று கால்வாய்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போகிறது. ஆனியில் தொடங்குவது கார் சாகுபடி. ஐப்பசியில் தொடங்கி மாசி, பங்குனியில் அறுவடையாவது பிசானம். பிசானம் வயலில் நிற்கும் மாதங்களில் பள்ளத்தாக்கின் நடுவே மாடு வாய் வைப்பதற்கு வாய்க்கால் கரையும் குளத்தங்கரையும் வரப்பும்தான் மிச்சம். வரப்பிலே மேய்கிற மாட்டின் வாய்க்கும் வயலிலே நிற்கிற பயிருக்கும் ஒரு சாண் தூரம். இந்த ஒரு சாணில் எத்தனையோ சண்டைகள் விளைந்திருக்கின்றன.

ஆகவே, பெரிய மந்தை வைத்திருக்கும் கோனார்கள் இந்தக் காலத்தில் மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மானாவாரி நிலங்களின் தரிசு, செம்மண் தேரி, கரிசல் காட்டு ஓடைக்கரை, மலையடிவாரம் என்று அவர்கள் வழக்கமாகப் போகும் தடங்கள் உண்டு. பிசானம் அறுவடையானதும் திரும்பி வந்து வயல்களில் கிடை போடுவார்கள். இரவு முழுவதும் மந்தை படுத்திருந்த வயலுக்குச் சாணமும் கோமியமும் உரமாகும். கிடைக்காரருக்கு நெல்லோ பணமோ கூலியாகும். மலையடிவாரத்துத் தடம் இப்பொழுது பெரும்பாலும் அடைபட்டுப்போயிற்று. களக்காடு, முண்டந்துறை வனங்கள் 1988-ல் புலிகள் காப்பகமாயின. சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் மாடு மேய்க்கக்கூடாது என்பது 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கிலும் உறுதிப்பட்டது. புலிக்கும் வாழ இடம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் காட்டை மூடுகிற போது, மாட்டுக்கு மாற்றுப் புல் எங்கே என்ற கேள்விக்கும் ஒருவர் பதில் சொல்லியிருக்க வேண்டும். மேய்ச்சல் புறம்போக்கு என்று பழைய கணக்குகளில் இருந்த நிலங்கள் இன்று பல ஊர்களில் கணக்கில் மட்டுமே இருக்கின்றன.

வெளியே மேயப் போகும் மந்தையில் நிறைசினைப் பசு இருந்தால் அது திறந்த வெளியில்தான் ஈனும். பெரும்பாலும் இரவிலே, மழை பெய்யும்பொழுது, ஆள் தூங்கும் நேரம் பார்த்து ஈனும் என்று மேய்ப்பவர்கள் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. குறைப்பட்டு என்ன செய்வது? ஈனுவதற்கு இரண்டு வாரங்கள் இருக்கும்போதே அந்தப் பசுவை மந்தையிலிருந்து பிரித்து ஊருக்கு அனுப்பிவிடுவது உத்தமம். அது முடியாவிட்டால், கிடைக்கு அருகில் மேடான ஓர் இடத்தில், வடகிழக்கே காற்றை மறைக்கும்படி பனையோலைத் தட்டி கட்டி, அடியிலே காய்ந்த சருகு பரப்பி, மேலே ஒரு கூரை போட்டு வைக்க வேண்டும். நாலு கம்பும் பத்து ஓலையும் ஒரு கன்றின் விலையைவிட மலிவு.

ஈனும் நாள்

பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். எருமைக்கு இன்னும் ஒரு மாதம் கூட. கடைசி இரண்டு மாதத்தில்தான் கன்று பாதிக்கு மேல் எடை கூடுகிறது. அந்த இரண்டு மாதமும் கறவையை நிறுத்திவிட வேண்டும். கன்று வளர்வதற்கும் மடி ஓய்வதற்கும் சீம்பால் ஊறுவதற்கும் அந்த அவகாசம் அவசியம். கறக்கிறது, கறக்கட்டும் என்று சினைப்பசுவை ஒன்பதாம் மாதம் வரையில் கறப்பவர்கள், பிறக்கப் போகும் கன்றின் ஆகாரத்தைத்தான் முன்கூட்டியே காப்பியில் கலந்து குடிக்கிறார்கள்.

மடி விம்மி, வாலடியில் இரண்டு பக்கமும் குழி விழுந்து, பசு தனியே ஒதுங்கி நின்றால் நாள் நெருங்கிவிட்டது. பனிக்குடம் உடைந்ததும் முதலில் இரண்டு முன்னங்கால்களும், அவற்றின்மேல் வைத்த மூக்குமாகக் கன்று வருவதே கிரமம். கும்பிட்டுக்கொண்டு வருவதைப் போல இருக்கும். அப்படி வந்தால் நம் கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதே பெரிய உதவி. ஒரு காலே தெரிகிறது, அல்லது வாலே தெரிகிறது, அல்லது பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரமாகியும் ஒன்றுமே தெரியவில்லை என்றால் வைத்தியரை அழைக்க வேண்டும். நாலு பேராகக் கயிறு கட்டி இழுக்கும் வீரம் வேண்டாம். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் கால்நடை ஆம்புலன்ஸ் வருவதற்கு ஏற்பாடு இருக்கிறது. 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் ராமையன்பட்டியில் இருக்கிறது. நம் பாட்டனார் காலத்தில் இந்தச் சௌகரியங்கள் இல்லை.

கன்று வெளியே வந்ததும் மூக்கிலும் வாயிலுமுள்ள கோழையைத் துடைக்க வேண்டும். மூச்சு விடத் தயங்கினால் ஒரு வைக்கோற் காம்பை மூக்கு நுனியில் விட்டுக் கூச்சம் காட்டினால் தும்மும். தும்மினால் மூச்சு வந்துவிடும். பிறகு தாயிடம் விட்டுவிடலாம். தாய் நக்குவது வெறும் பாசம் மட்டும் அல்ல. கன்றின் ரோமம் உலர்கிறது, இரத்த ஓட்டம் எழும்புகிறது, கன்றின் வாசனை தாய்க்கு ஏறுகிறது. மழை நாளில் தாயின் நாக்கு மட்டும் போதாது. காய்ந்த வைக்கோலாலும் பழைய சாக்காலும் முதுகையும் விலாவையும் அழுத்தித் தேய்த்து, ரோமம் சிலிர்த்து நிற்கும்வரை துடைக்க வேண்டும்.

தொப்புள் கொடியை மறக்கலாகாது. சேறும் சாணமும் உள்ள மழைக்காலத் தொழுவில் கிருமிகளுக்கு அதுவே திறந்து வைத்த வாசல். உடம்பிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுச் சுத்தமான நூலால் கட்டி, கீழே அறுத்து, டிங்சர் அயோடினில் நனைக்க வேண்டும்; அடுத்த இரண்டு மூன்று நாளும் அயோடின் தடவ வேண்டும். தடவாமல் விட்ட கன்று பத்தாம் நாள் முழங்கால் வீங்கி நொண்டும். கண் பட்டுவிட்டது என்று அதற்கு மந்திரிப்பார்கள். வினை முழங்காலில் தெரிகிறது. விதைத்த இடம் தொப்புள்.

சீம்பால் யாருக்கு?

இந்த இடத்தில் வீட்டிலுள்ள ஸ்திரீகளும் குழந்தைகளும் நம்மிடம் கொஞ்சம் கோபித்துக்கொள்ளக்கூடும். பசு ஈன்ற வீட்டிலிருந்து அண்டை வீடுகளுக்குச் சீம்பால் போவது நம் பக்கத்து வழக்கம். கடும்புப் பால் என்றும் சொல்லுவார்கள். கருப்பட்டியும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சினால் கட்டித் தயிர் போல இறுகிவரும். அதன் ருசியைப் பற்றி நமக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால், அந்தப் பண்டம் அடுப்பில் ஏன் இறுகுகிறது என்று யோசித்துப் பார்த்ததுண்டா? சாதாரணப் பாலில் இல்லாத அளவுக்கு அதில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் நிறைந்திருக்கின்றன. அவைதான் சூடு பட்டு இறுகுகின்றன. கன்றின் உயிரைக் காப்பதற்கென்று பசு பல வாரங்களாகச் சேர்த்துவைத்ததை நாம் ஒரே கொதியில் கட்டியாக்கி ஏலக்காய் போட்டு விடுகிறோம்.

மனிதக் குழந்தை பிறக்கும்போதே தாயின் இரத்தத்திலிருந்து நோயைத் தடுக்கும் சக்தியில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டு பிறக்கிறது. பசுவின் கன்றுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பசுவின் நஞ்சுக்கொடியின் அமைப்பு அப்படி. தாயின் எதிர்ப்புப் புரதம் அதைத் தாண்டிக் கன்றுக்குப் போவதில்லை. கன்று வெறுங்கையோடுதான் இந்த உலகத்தில் காலடி வைக்கிறது. சீம்பாலைக் குடித்தால்தான் அதற்குக் கவசம். அந்தக் கவசத்தைப் போட்டுக்கொள்வதற்கும் கெடு உண்டு. பிறந்த சில மணி நேரத்துக்குக் கன்றின் குடல் அந்தப் புரதங்களை அப்படியே இரத்தத்தில் ஏற்றுக்கொள்ளும். ஆறு மணி நேரம் கழிந்தால் அந்தச் சக்தி குறையத் தொடங்கும். ஒரு நாள் முடிவதற்குள் கதவு ஏறக்குறைய மூடிவிடும். மறுநாள் காலையில் ஒரு குடம் சீம்பால் கொடுத்தாலும் அது வயிற்றுக்கு ஆகாரமாகுமே தவிர, இரத்தத்துக்குக் கவசமாகாது.

இந்த அருமையான முதல் ஆறு மணி நேரத்தைத்தான் ஒரு பழைய எண்ணம் வீணாக்கிவிடுகிறது. நஞ்சுக்கொடி விழாமல் கன்றை ஊட்ட விடக்கூடாது என்பது நம் நாட்டில் பல பக்கங்களிலும் வேரூன்றிய கொள்கை. நஞ்சுக்கொடி விழ எட்டு மணி நேரமும் ஆகலாம். அதுவரை கன்று மூலையில் வெறும் வயிற்றோடு நடுங்கிக்கொண்டு கிடக்கும். உண்மையில் காரியம் நேர் தலைகீழானது. கன்று மடியில் முட்டி ஊட்டும்போது தாயின் உடம்பில் பாலைச் சுரக்கவைக்கும் ஹார்மோன் எழுகிறது. அதே ஹார்மோன்தான் கருப்பையைச் சுருங்கச் செய்து நஞ்சுக்கொடியையும் தள்ளுகிறது. ஊட்டவிட்டால் நஞ்சுக்கொடி சீக்கிரம் விழும்.

கணக்கு இதுதான்: கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் முதல் நாளில் அதன் வயிற்றுக்குள் போக வேண்டும். 20 கிலோ எடையுள்ள நாட்டுக் கன்றுக்கு 2 லிட்டர். 30 கிலோ உள்ள கலப்பினக் கன்றுக்கு 3 லிட்டர். அதில் பாதியாவது முதல் இரண்டு மணி நேரத்திற்குள் போவது சிலாக்கியம். தானே எழுந்து ஊட்டும் கன்றுக்கு அளந்து கொடுக்க வேண்டியதில்லை. எழ முடியாத கன்றுக்குக் கறந்து, உடம்புச் சூட்டோடு, நிப்பிள் வைத்த புட்டியில் கொடுக்கலாம். காய்ச்சவே கூடாது. மூங்கில் குழாயை வாயில் திணித்து, தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். பாதிப் பால் நுரையீரலுக்குப் போய், பிறகு ஜன்னியில் கொண்டுபோய் விடும். கன்றின் பங்கு போக மிச்சமிருந்தால், கலப்பினப் பசுக்களில் பெரும்பாலும் மிச்சமிருக்கும், அப்பொழுது அண்டை வீட்டுக்கும் ஒரு செம்பு கொடுக்கலாம். கருப்பட்டி சேர்ப்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை.

ஒரு கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழன் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லாத வீடு தமிழ்நாட்டில் இராது. அந்தப் பசு அடிப்பதற்கு ஒரு மணி இருந்தது. சீம்பால் கிடைக்காமல் பத்தாம் நாள் கழிச்சலில் சாகும் கன்றுக்கு எந்த வாசலில் மணி இருக்கிறது?

தொழுவும் தாயும்

மழைக்காலத் தொழுவுக்கு மூன்று குணம் வேண்டும்: மேலே ஒழுகக் கூடாது, கீழே தேங்கக் கூடாது, உள்ளே புழுங்கக் கூடாது. கடைசிக் குணத்தைப் பலரும் நினைப்பதில்லை. குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் சாக்கைக் கட்டி மூடி, கொசுவுக்காக உள்ளே மூட்டமும் போட்டுவிட்டால், கோமியத்தின் நெடியும் புகையும் சேர்ந்து கன்றின் மூச்சுப் பையைப் புண்ணாக்கிவிடும். காற்று வீசும் பக்கத்தை மட்டும் கன்றின் உயரத்துக்குத் தட்டியால் மறைத்து, மேலே திறந்துவிட வேண்டும். தரை ஒரு பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். படப்பிலிருந்து மேல் வைக்கோலை உருவாமல், நனையாத உள் வைக்கோலை எடுத்துக் கால் மறையும் அளவு பரப்பி, நனைந்ததை நாள்தோறும் மாற்ற வேண்டும். பூஞ்சணம் பிடித்த வைக்கோல் படுக்கைக்கும் ஆகாது, தீனிக்கும் ஆகாது. கன்று படுத்த இடத்தில் நாமே முழங்காலைக் குத்தி ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்ப்பது நல்ல பரீட்சை. நம் வேஷ்டி நனைந்தால் கன்றின் வயிறும் நனைகிறது.

இனித் தாயைப் பார்க்கலாம். ஈன்ற பசுவுக்குத் தாகம் அதிகம். குளுதாடியில் இருக்கும் பச்சைத் தண்ணீரைக் காட்டிலும் வெதுவெதுப்பான நீரில் தவிட்டைக் கரைத்து, ஒரு கட்டி கருப்பட்டியும் போட்டு வைத்தால் ஆவலோடு குடிக்கும். நஞ்சுக்கொடியை அது தின்றுவிடாமல் காவல் இருக்க வேண்டும். தொண்டையில் சிக்கும், வயிற்றைக் கெடுக்கும். விழுந்ததை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடுவது நம் ஊர்ப் பழக்கம். பால் வடியும் மரத்தில் கட்டினால் பசுவுக்குப் பால் பெருகும் என்பது நம்பிக்கை. பால் பெருகுகிறதோ இல்லையோ, நாயும் பசுவும் அதை எடுக்காமல் இருப்பது ஒரு லாபம். ஆழமாகப் புதைத்தாலும் அதே பலன் உண்டு. பன்னிரண்டு மணி நேரமாகியும் விழாவிட்டால் கல்லையோ துடைப்பத்தையோ கட்டித் தொங்கவிடுவதும், கையை விட்டுப் பிய்ப்பதும் பெருந்தீங்கு. உள்ளே அறுந்து தங்கியது அழுகிச் சீழ் பிடித்தால், பசு பிழைத்தாலும் மறுபடி சினை பிடிப்பது சந்தேகம்.

பால் அதிகமாகக் கறக்கும் கலப்பினப் பசுக்களுக்கு, அதுவும் மூன்றாம் நாலாம் ஈற்றுக்கு மேல், ஈன்ற மூன்று நாளைக்குள் வரும் வியாதி ஒன்று உண்டு. பால் காய்ச்சல் என்று பெயர். பெயர் வைத்தவர் யாரோ, தப்பாக வைத்துவிட்டார். இதில் காய்ச்சலே கிடையாது. உடம்பு குளிர்ந்துவிடும், காது சில்லிட்டுவிடும், பசு எழ முடியாமல் படுத்துக் கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொள்ளும். மழை நாளில் இதைக் குளிர்கண்டது என்று எண்ணி மிளகுக் கஷாயத்தை வாயில் ஊற்றுவார்கள். விழுங்கவே சக்தியற்ற பசுவுக்கு அந்தக் கஷாயம் மூச்சுக்குழலில் இறங்கும். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து திடீரென்று பாலோடு இறங்கிப்போவதால் வரும் வியாதி இது. வைத்தியர் கால்சியம் மருந்தை இரத்தக்குழாயில் மெதுவாக ஏற்றினால், செத்ததென்று விட்ட பசு அரைமணி நேரத்தில் எழுந்து நிற்பதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். அவர் வருமட்டும் பசுவை விலாவில் சாயவிடாமல், இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை அண்டக் கொடுத்து நெஞ்சின்மேல் உட்காரவைப்பதுதான் நாம் செய்யக்கூடிய வைத்தியம்.

பனி உலரட்டும்

ஈன்று பத்து நாளைக்கு மேல் ஆன பசுவை மேய்ச்சலுக்கு விடலாம். கன்றைப் பனி வெளியில் தாயோடு ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். மழை இல்லாத நாளில் பத்து மணி வெயிலில் வாசலில் துள்ளவிட்டால் போதும். தாயையும் விடிந்ததும் விடாமல், புல்லின்மேல் உள்ள பனி உலர்ந்த பிறகு விட வேண்டும். பனி நீர் விஷம் என்று பெரியவர்கள் சொல்லிவந்ததற்கு இன்றைய சாஸ்திரம் வேறொரு பொருள் சொல்கிறது. நம் வயல்களிலும் குளத்தங்கரைகளிலும் உள்ள நத்தைகளின் உடலில் தட்டைப்புழுவின் குஞ்சுகள் வளர்ந்து, வெளியே வந்து, நீரோரப் புல்லின் தாளில் ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் புல்லைத் தின்ற மாட்டுக்குச் சில வாரங்களில் நாற்றமடிக்கும் கழிச்சலும், தாடைக்குக் கீழே பை போன்ற வீக்கமும் காணும். குளத்துக்குள் இறங்கி மேயும் மாட்டுக்கே இது அதிகம். ஆகவே மேட்டுப் புல், வெயில் பட்ட புல், கரையின் மேற்பகுதிப் புல் என்று பார்த்து மேய்ப்பது மேய்ப்பவரின் சாமர்த்தியம்.

கரிசல் பக்கம் போகிறவர்களுக்கு வேறோர் எச்சரிக்கை உண்டு. மழை தவறி வாடிய இளஞ்சோளப் பயிரிலும், அறுத்த சோளத் தட்டையில் மழைக்குத் துளிர்த்த மறுதாம்பிலும் சயனைடு விஷம் ஊறியிருக்கும். பசியோடு பாய்ந்து தின்ற மாடு சில நிமிஷங்களில் தள்ளாடி விழும். பூத்த பிறகு அந்தச் சோளமே நல்ல தீவனம். இதைக் கரிசல் காட்டுச் சிறுவர்களும் அறிவார்கள். மாட்டை விலைக்கு வாங்கிப் புதிதாக வளர்க்கத் தொடங்கும் உத்தியோகஸ்தர்கள்தான் அறிவதில்லை.

கன்று மண்ணைத் தின்கிறது, சுவரை நக்குகிறது என்று வாய்ப்பூட்டுக் கட்டுகிறார்கள். பூட்டினால் வாய் அடங்கும். வயிற்றிலுள்ள புழு அடங்காது. தாய்ப்பாலின் வழியாகவே கன்றின் குடலுக்கு வந்துவிடும் உருண்டைப் புழு ஒன்று உண்டு. எருமைக் கன்றுகளுக்கு இது எமன். பத்தாம் நாளை ஒட்டி முதல் முறையாகவும், பிறகு ஆறு மாதம் வரையில் வைத்தியர் சொல்லும் கிரமப்படியும் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். கோமாரித் தடுப்பூசியை நாலாம் மாதத்தில் போட வேண்டும்.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 1992 நவம்பரில் தாமிரபரணி பெருகியதைப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை அதையும் விஞ்சிவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிற்று. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பிரயாணிகள் சிக்கிக்கொண்டதைப் பத்திரிகைகளில் பார்த்தோம். தொழுவில் கட்டுண்டு கிடந்த மாடுகளின் படம் அவ்வளவாக வரவில்லை. மாடு நல்ல நீச்சல்காரன். கழுத்துக் கயிறு மட்டும் இல்லாவிட்டால் வெள்ளத்தில் எதிர்நீச்சல் போட்டு மேட்டில் ஏறிக்கொள்ளும். இறந்த மாட்டுக்கு 37,500 ரூபாயும் ஆட்டுக்கு 4,000 ரூபாயும் என்று அப்பொழுது சர்க்கார் நிவாரணம் அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆற்றங்கரை ஊர்களில் மழை எச்சரிக்கை வந்த அன்று மாலையே கன்றைத் தூக்கித் திண்ணையில் போட்டு, தாயின் கயிற்றை ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு முடிச்சாக மாற்றிக் கட்டிவிட்டால், நிவாரணம் கேட்கும் அவசியமே நேராமல் போகலாம்.

சொல்லக் கூச்சமான சங்கதி ஒன்று பாக்கி இருக்கிறது. கிடேரிக் கன்று பிறந்தால் அதற்கு அயோடினும் உண்டு, சாக்கும் உண்டு. காளைக் கன்று பிறந்தால் பல வீடுகளில் இவற்றில் ஒன்றும் இல்லை. உழவுக்கும் வண்டிக்கும் காளை வேண்டியிருந்த காலம் போய், டிராக்டர் வந்தபின் அதற்கு விலை இல்லை. அதனால் பாலை ஒட்டக் கறந்துவிட்டுக் காலி மடியை அதற்குக் காட்டுகிறார்கள். சில நாளில் அது ‘குளிர் தாங்காமல்’ செத்துப்போகிறது. பிறகு அதன் தோலில் வைக்கோலை அடைத்து, நாலு குச்சியைக் காலாக நட்டு, தாயின் முன்னே நிறுத்திக் கறக்கிறார்கள். தாய் அந்த வைக்கோலை நக்கிக்கொண்டே பால் சொரிகிறது. அந்தப் பாலையும் நாம் குடிக்கிறோம். வாடைக்காற்றின் தலையில் இந்தச் சாவைக் கட்டுவது அநியாயம். நாள் ஒன்றுக்கு ஒன்றரை லிட்டர் பாலை மூன்று மாதம் கன்றுக்கு விட்டுக்கொடுத்தால் காளைக் கன்றும் பிழைக்கும். பிறகு விற்கிறவர் விற்கட்டும், வளர்க்கிறவர் வளர்க்கட்டும்.

தை பிறந்ததும் ஈரம் வற்றிவிடும். ஆயினும் இரண்டாம் நாளே மாட்டுப் பொங்கல் வந்துவிடுகிறது. குளிப்பாட்டி, மாலை போட்டு, கொம்புக்கு வர்ணம் தீட்டுவதெல்லாம் சரி. ஈன்று ஒரு மாதம் ஆகாத பசுவை விடியற்காலைக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டாமல் வெயில் ஏறிய பிறகு துடைத்து விடலாம். ஜாக்கிரதை வேண்டியது பொங்கல் சோற்றில்தான். வீட்டுக்கு வீடு வாழை இலையோடு வெண்பொங்கலும் சர்க்கரைப் பொங்கலும் பழமும் ஊட்டுகிறார்கள். வைக்கோல் தின்று பழகிய வயிற்றில் அவ்வளவு சோறும் ஒரே வேளையில் விழுந்தால் புளித்துப் பொங்குகிறது. பசு அசைபோடுவதை நிறுத்தி, வயிறு உப்பி, மறுநாள் படுத்துவிடுகிறது. பொங்கலுக்கு மறுநாள் கால்நடை ஆஸ்பத்திரிகளில் கூட்டம் நிறைவது இதனால்தான். ஆளுக்கு ஒரு கவளம் என்று உள்ளங்கை அளவு கொடுத்து, மீதியைக் குழந்தைகளுக்குப் பரிமாறலாம். அதற்கு மேலும் தின்றுவிட்ட பசு அசைபோடாமல் நின்றால், சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடிக்கவைத்துவிட்டு, விடியும்வரை காத்திராமல் அன்றிரவே வைத்தியருக்கு ஆள் அனுப்ப வேண்டும்.